மலேரியாத் தடுப்பூசி உடம்புக்குள் என்ன செய்கிறது?



குளிர்காய்ச்சல் என்பது நம் தோட்டத்து வீடுகளில் பழைய சொல். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் ஆட்களை வரிசையாக நிற்க வைத்து, டிரெஸ்ஸர் கையால் கொயினாவைக் குடிக்கச் செய்து, அதன் பிறகே வேலைக்காட்டுக்கு அனுப்பிய காலத்தைப் பாட்டன் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதன் கசப்பு உச்சிவேளை வரை நாக்கை விட்டுப் போகாதாம். காதுக்குள் வண்டு இரைவது போல் இரையுமாம். விழுங்காமல் வாயில் அடக்கிக்கொண்டு போய்ப் பால்மரத்தடியில் துப்பியவர்களும் இருந்தார்களாம்.

இன்று அந்த லயங்களில் பல இடிந்துவிட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. ஆனால் குளிர்காய்ச்சல் பற்றிய பேச்சு வேறு விதமாக மறுபடியும் எழுந்திருக்கிறது. "ஆப்பிரிக்காவில் பிள்ளைகளுக்கு மலேரியாவுக்குத் தடுப்பூசி போடுகிறார்களாமே, நம் பிள்ளைகளுக்கு ஏன் கிளினிக்கில் போடவில்லை?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அது மனத்தில் நிற்காது. ஊசி போட்ட பிறகு உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பதில் தானாகவே விளங்கும். ஆகவே இன்று அதைப் பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. மலேரியாக் கிருமி கொசுவின் உடம்பில் வளர்வதை ரொனால்டு ராஸ் 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் செகந்தராபாத்தில் கண்டுபிடித்தார். நான்கே ஆண்டுகளில் அந்த அறிவு மலாயாவுக்கு வேலை செய்ய வந்துவிட்டது. 1901இல் கிள்ளானில் அரசாங்க டாக்டராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தை வடியவிட்டுக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் அதே வித்தை பலிக்கவில்லை. காட்டை வெட்டி ஓடையின் மேல் வெயில் பட்டதும் காய்ச்சல் இன்னும் கூடியது! நிழலில் கிடக்கும் சதுப்பு நீரை விரும்புவது ஒரு கொசு; வெயில் படும் தெளிந்த ஓடையை விரும்புவது வேறொரு கொசு. இரண்டாவது கொசுவின் பெயர் அனோபிலிஸ் மாக்குலாத்துஸ். ரப்பர் போடக் காட்டைத் திறந்த இடமெல்லாம் நாமே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தோம் என்று சொல்லலாம். ஜொகூரில் 1909இல் ரயில்பாதை முடிந்து, சிகாமட், குளுவாங், கூலாய் வழியாகத் தோட்டங்கள் பெருகியபோது, தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் போய்க் குடியேறியதும் இப்படிப்பட்ட ஓடைக் கரைகளில்தான்.

அந்த நாளில் லயத்தில் ஒரு பேச்சு இருந்தது. "புதுசாக வந்தவனுக்குத்தான் காய்ச்சல் வாட்டும், இரண்டு மூன்று வருஷத்தில் உடம்பு பழகிவிடும்" என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. மலேரியா ஓயாமல் இருக்கும் ஊரில் பல தடவை காய்ச்சல் கண்டு பிழைத்தவர்களுக்கு ஒருவித எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. 1961இல் காம்பியா நாட்டில் இதை நிரூபித்தார்கள். அவ்வூர்ப் பெரியவர்களின் இரத்தத்திலிருந்து எதிர்ப்பொருள் அடங்கிய பகுதியைப் பிரித்தெடுத்து, மலேரியாவில் கிடந்த குழந்தைகளுக்குச் செலுத்தினார்கள். குழந்தைகளின் இரத்தத்தில் இருந்த கிருமி மளமளவென்று குறைந்தது. பெரியவர்களின் இரத்தத்தில் காவல் இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மற்றப் பாதியை லயத்துப் பேச்சு சொல்வதில்லை. அந்தப் பழக்கம் வருவதற்கு முன்னே எத்தனை குழந்தைகள் போய்விடுகின்றன! மேலும் அந்தச் சக்தி அரைகுறையானது. கிருமியை அடியோடு ஒழிப்பதில்லை, சாகாமல் காக்கிறது, அவ்வளவுதான். ஊரை விட்டுச் சில ஆண்டுகள் விலகியிருந்தால் அதுவும் தேய்ந்துவிடும். உடம்பு பழகுவதற்காகக் குழந்தைகளைப் பலி கொடுக்காமல், அந்தப் பாடத்தை ஓர் ஊசியிலேயே கற்பிக்க முடியாதா என்பதுதான் விஞ்ஞானிகளின் கேள்வி. விடை கிடைக்க ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பிடித்தன. தாமதத்துக்குக் காரணம் கிருமியின் தந்திரமே. அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

பெண் கொசு கடிக்கும்போது அதன் எச்சிலோடு சேர்ந்து சில பத்துக் கிருமிகள் நம் தோலுக்குள் இறங்குகின்றன. நூல் துணுக்குப் போல நீண்டு, நெளிந்து நெளிந்து ஊரும் இளங்கிருமிகள் இவை. விஞ்ஞானிகள் ஸ்போரோசோயிட் என்பார்கள்; நாம் இளங்கிருமி என்றே சொல்லிக்கொள்வோம். அவை தோலில் தங்கியிருக்க வரவில்லை. ஒரு சிறு இரத்தக்குழாயைத் தேடிப் பிடித்து உள்ளே நுழைந்து, நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. இந்தப் பயணம் சில நிமிடங்களிலிருந்து ஓரிரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. கல்லீரல் அணு ஒன்றுக்குள் புகுந்துவிட்டால் வெளியிலிருந்து பார்க்க ஒன்றும் தெரியாது. காய்ச்சல் இல்லை, குளிர் இல்லை. உள்ளேயோ, ஒரே ஒரு கிருமி ஏறத்தாழ ஒரு வாரத்தில் பல்லாயிரமாகப் பெருகுகிறது. பிறகு அணு வெடித்து அத்தனையும் இரத்தத்தில் கொட்டும். அவை சிவப்பணுக்களுக்குள் புகுந்து, பெருகி, வெடித்து, மறுபடியும் புகும். ஒவ்வொரு தடவை வெடிக்கும்போதும்தான் நமக்குப் பல் கிட்டிக்கொள்ளும் அந்தக் குளிர் வருகிறது.

இதில் தந்திரம் எங்கே என்றால், கிருமி ஒவ்வொரு கட்டத்திலும் சட்டையை மாற்றிக்கொள்கிறது. தோலில் இருக்கும்போது ஒரு சட்டை. கல்லீரலை விட்டு வெளிவரும்போது வேறு சட்டை. இரத்தத்துக்குள்ளேயோ இன்னும் மோசம். கொடிய வகையான பால்சிபாரம் என்னும் மலேரியா, தான் குடியிருக்கும் சிவப்பணுவின் மேல் விரிக்கும் போர்வைக்குச் சுமார் 60 மாற்று வைத்திருக்கிறது. உடம்பு ஒன்றை அடையாளம் கண்டு தாக்குவதற்குள் அடுத்ததை விரித்துவிடும். தோட்டத்து வாசலில் நிற்கும் ஜாகாவிடம், "சிவப்புச் சட்டைக்காரனைப் பிடி" என்று சொல்லி வைத்திருக்கிறோம். திருடன் உள்ளே வந்ததும் நீலச் சட்டையை மாட்டிக்கொள்கிறான். ஜாகா என்ன செய்வார், பாவம்!

ஆகவே முதல் சட்டையில் இருக்கும்போதே பிடிக்க வேண்டும் என்ற யோசனை வந்தது. 1967இல் நியூயார்க்கில் ரூத் நுசென்சுவைக் என்ற அம்மையார், எக்ஸ்ரே கதிரால் வலுவிழக்கச் செய்த இளங்கிருமிகளை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். பிறகு நல்ல வலுவுள்ள கிருமியைச் செலுத்தியும் பெரும்பாலான எலிகளுக்கு மலேரியா வரவில்லை. இளங்கிருமியின் உடலைச் சுற்றி ஒரு புரத உறை இருப்பதும், எதிர்ப்புச் சக்தி அந்த உறையைத்தான் குறி வைக்கிறது என்பதும் பின்னர் தெரிந்தது. மாலையில் ஒரே மாதிரி மணிகளைத் திரும்பத் திரும்பக் கோத்தது போல, அந்தப் புரதத்தின் நடுவே ஒரு சிறு துண்டு மீண்டும் மீண்டும் வருகிறது. பால்சிபாரத்தில் இது ஏறத்தாழ 40 முறை வருகிறது.

இப்போது தடுப்பூசி மருந்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லை. அந்த மணிமாலையின் ஒரு துண்டை ஈஸ்ட் என்னும் நொதிக்காளானுக்குள் உற்பத்தி செய்து எடுக்கிறார்கள். தனித் துண்டாகச் செலுத்தினால் உடம்பு பொருட்படுத்தாது. ஆகவே கல்லீரலைத் தாக்கும் பி வகை மஞ்சட்காமாலைக் கிருமியின் உறைப் புரதத்தோடு அதை ஒட்டி, ஒரு சிறு உருண்டையாக்குகிறார்கள். நம் நாட்டுக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் போடும் காமாலைத் தடுப்பூசியில் இருக்கும் அதே புரதம்தான் இது. கூடவே உடம்பை உசுப்பிவிட ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். சிலி நாட்டில் வளரும் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கும் சபோனின் அது. அந்தப் பட்டையை அந்நாட்டு மக்கள் துணி வெளுக்கப் பயன்படுத்தி வந்தார்கள். நம் சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை வருவதற்குக் காரணம் இதே இனத்துச் சரக்குத்தான். உலகம் முழுதும் பாட்டிமார் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள் போலும்!

ஊசி தசையில் இறங்கியதும் அந்த இடம் லேசாகச் சிவந்து வீங்குகிறது. வெள்ளையணுக்களில் ஒரு வகை ஓடிவந்து, மருந்து உருண்டைகளை விழுங்கி, துண்டு துண்டாக்கி, அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குச் சுமந்து போகிறது. இந்தக் கணு நமக்குத் தெரிந்ததுதான். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது அல்லவா? அந்த நெறிதான் கணு. பாடம் நடக்கும் பள்ளிக்கூடம் அது.

அங்கே பல கோடி வெள்ளையணுக்கள் காத்திருக்கின்றன. அவற்றில் பி அணு என்று ஒரு வகை. ஒவ்வொரு பி அணுவின் மேலும் ஒரு தனி வடிவமுள்ள கொக்கி இருக்கிறது. வந்திருக்கும் மணிமாலைத் துண்டு பெரும்பாலான கொக்கிகளுக்குப் பொருந்தாது. எங்கோ சிலவற்றுக்கு மட்டும் ஓரளவு பொருந்தும். அந்தச் சில அணுக்களுக்கு டி அணு என்னும் இன்னொரு வகை உத்தரவு கொடுக்கிறது. உத்தரவு கிடைத்த பி அணு ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகத் தொடங்கும். பெருகும்போது கொக்கியின் வடிவத்தில் சிறு சிறு மாற்றங்கள் நேர்கின்றன. முன்னைவிட நன்றாகப் பிடிப்பவை வாழ்கின்றன, மற்றவை மடிகின்றன. சில வாரங்களில் மிகக் கெட்டியாகப் பிடிக்கும் கொக்கிகள் மிஞ்சுகின்றன. இவற்றில் ஒரு பகுதி அணுக்கள் அந்தக் கொக்கிகளை ஆயிரமாயிரமாகச் செய்து இரத்தத்தில் விடுகின்றன. இரத்தத்தில் மிதக்கும் இந்தக் கொக்கிதான் எதிர்ப்பொருள். இன்னொரு பகுதி அணுக்கள் ஞாபக அணுக்களாக ஒதுங்கித் தங்கிவிடுகின்றன. இரண்டாவது, மூன்றாவது ஊசி போடும்போது ஞாபக அணுக்கள் விழித்துக்கொண்டு முன்னைவிட விரைவாகவும் அதிகமாகவும் வேலை செய்கின்றன. மாதம் ஒன்றாக மூன்று ஊசி போடுவதன் காரணம் இது.

ஊசி போட்ட இரவு குழந்தையின் உடம்பு சுடுவதும் இந்த வேலையின் அறிகுறியே. எந்தத் தடுப்பூசிக்கும் இது பொருந்தும். "நோயையே ஊசியில் ஏற்றிவிட்டார்கள்" என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் காய்ச்சல் மிகுந்தாலோ, வலிப்புக் கண்டாலோ உடனே கிளினிக்குக்குத் தூக்கிப் போக வேண்டும்.

பிறகு ஒரு நாள் உண்மையான கொசு கடிக்கிறது. இளங்கிருமிகள் தோலில் இறங்குகின்றன. இந்தத் தடவை இரத்தத்திலும் தோலிலும் எதிர்ப்பொருள் காத்திருக்கிறது. உறையின் மேல் கொக்கி கொக்கியாக மாட்டிக்கொள்கிறது. கிருமியால் முன்போல் ஊர முடிவதில்லை. கல்லீரலைப் போய்ச் சேர்ந்தாலும் அணுவுக்குள் நுழைய முடிவதில்லை. எல்லாம் பிடிபட்டால் காய்ச்சல் இல்லை.

எல்லாம் பிடிபட வேண்டும்! அங்கேதான் சிக்கல். தட்டம்மைக்கோ இளம்பிள்ளைவாதத்துக்கோ போடும் ஊசியில் உடம்புக்குச் சில நாள் அவகாசம் உண்டு. ஞாபக அணுக்கள் விழித்தெழுந்து படை திரட்டலாம். மலேரியாவில் அந்த அவகாசம் இல்லை. கிருமி கல்லீரலுக்குள் ஒளிவதற்கு முன் கிடைப்பது சொற்ப நேரம். கடிக்கும் அந்த நிமிடத்தில் எதிர்ப்பொருள் இரத்தத்தில் நிறைய இருந்தாக வேண்டும். ஒரே ஓர் இளங்கிருமி தப்பிக் கல்லீரலுக்குள் போனாலும் பல்லாயிரமாகத் திரும்பி வரும். அப்போது அது வேறு சட்டையில் இருக்கும். தடுப்பூசி கற்பித்த கொக்கி அதன் மேல் மாட்டாது. மூன்றாவது ஊசிக்குப் பிறகு மலை போல் உயரும் எதிர்ப்பொருளின் அளவு மாதங்கள் போகப் போக இறங்குகிறது. ஆகவே ஏறத்தாழ ஓராண்டு கழித்து நான்காவது ஊசி வேண்டியிருக்கிறது.

இவ்வளவு இடைஞ்சலிலும் கிடைத்த பலன் சிறிதன்று. முதல் தடுப்பூசியை உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் சிபாரிசு செய்தது. பெரிய சோதனையில், நான்கு ஊசியும் பெற்ற குழந்தைகளுக்கு நான்கு ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் சுமார் 36 விழுக்காடு குறைந்தது. நூற்றுக்கு 36 தானா என்று உதட்டைப் பிதுக்கலாம். ஆனால் 2019 முதல் கானா, கென்யா, மலாவி நாடுகளில் போட்டுப் பார்த்தபோது, ஊசி பெறும் வயதுக் குழந்தைகளிடையே எல்லா வகைச் சாவுகளும் சேர்ந்து 13 விழுக்காடு குறைந்தன. ஆண்டுதோறும் மலேரியாவில் இறக்கும் ஏறத்தாழ 6 லட்சம் பேரில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தப் பதின்மூன்றின் மதிப்பு விளங்கும். 2023இல் சிபாரிசு பெற்ற இரண்டாவது தடுப்பூசியை இந்தியாவில் புனே நகரில் உற்பத்தி செய்கிறார்கள். காய்ச்சல் பருவத்துக்கு முன்பே போட்ட இடங்களில் அது முதல் ஆண்டில் சுமார் 75 விழுக்காடு நோயைத் தடுத்தது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

மலேசியாவில் 2018ஆம் ஆண்டு, மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியாகப் பரவும் மலேரியா உள்நாட்டில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. வாய்க்கால் வெட்டியவர்கள், எண்ணெய் தெளித்தவர்கள், வீடு வீடாக மருந்தடித்தவர்கள் என்று மூன்று தலைமுறையின் உழைப்பு அது. அவர்களில் நம்மவர் எத்தனையோ பேர். ஆனால் அதே 2018இல் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இன்னொரு மலேரியா பிடித்தது. அது குரங்கு மலேரியா. அதன் பெயர் நோலசி.

இது நீண்ட வால் குரங்குகளிடமும் பன்றிவால் குரங்குகளிடமும் குடியிருக்கும் கிருமி. குரங்கைக் கடித்த காட்டுக் கொசு நம்மைக் கடித்தால் நமக்கு வரும். 1930களின் தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து கல்கத்தாவுக்குப் போன ஒரு குரங்கின் இரத்தத்தில் இதைப் பார்த்தார்கள். மனிதரையும் பிடிக்கும் என்று 1932இல் அங்கே நோல்ஸ், தாஸ் குப்தா என்னும் இருவர் காட்டினார்கள். 1965இல் பகாங் காட்டில் வேலை செய்து திரும்பிய ஓர் அமெரிக்கருக்கு இது இயற்கையாகத் தொற்றியிருந்தது தெரியவந்தது. அடுத்து இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று 1971இல் எழுதப்பட்ட நோயாளி நம் ஜொகூரைச் சேர்ந்தவர். அதன் பிறகு வெகு காலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2004இல் சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில் பல்பீர் சிங் குழுவினர் ஆராய்ந்தபோதுதான், சாதுவான வேறொரு மலேரியா என்று எழுதி வந்தவற்றில் பல உண்மையில் நோலசி என்று வெளிப்பட்டது. உருப்பெருக்கியில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். நோயாளிகள் மிகுதியும் சபா, சரவாக்கில்தான் என்றாலும் தீபகற்பத்துக் காட்டோரங்களும் விதிவிலக்கல்ல.

இப்போது தாய்மார்களின் கேள்விக்குப் பதில் சொல்லலாம். இரண்டு தடுப்பூசிகளும் கற்பிப்பது பால்சிபாரத்தின் மணிமாலையை. நோலசியின் மாலையில் கோத்திருக்கும் மணி வேறு. அதிலும் நோலசியின் ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்குமே மணி வேறுபடுகிறது. பால்சிபாரத்துக்குப் பொருந்தும் கொக்கி நோலசியின் மேல் மாட்டாது. ஆகவே அந்த ஊசியை நம் பிள்ளைகளுக்குப் போட்டாலும் நம் காட்டோரக் காய்ச்சலுக்குக் காவலாகாது. நம்மை மறந்துவிட்டார்கள் என்பதல்ல காரணம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இளங்கிருமியின் உறைக்கான மரபணுவை முதன்முதலில் பிரித்தெடுத்தது 1983இல். அது எந்தக் கிருமியின் மரபணு தெரியுமா? நம் நோலசியினுடையதுதான்! அடுத்த ஆண்டுதான் பால்சிபாரத்தின் மரபணு கிடைத்தது. ஆப்பிரிக்கக் குழந்தைகளைக் காக்கும் ஊசிக்கு வழி காட்டிய கிருமிக்கே இன்று வரை தடுப்பூசி இல்லை.

நோலசியிடம் நாம் கவனிக்க வேண்டியது அதன் வேகம். பால்சிபாரம் இரத்தத்தில் ஒரு சுற்றுப் பெருக 48 மணி நேரம் ஆகிறது. நோலசிக்கு 24 மணி நேரமே போதும். இன்றைக்கு இருப்பதைவிட நாளைக்குப் பன்மடங்கு. ஆகவே காய்ச்சல் தினந்தோறும் வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரட்டும், அப்புறம் மலேரியாவா என்று பார்க்கலாம் என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது. மூன்று நாள் வீட்டில் மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று இருப்பதும் ஆபத்து. உடம்புக்குப் பாடம் கற்கச் சில வாரம் வேண்டும் என்று முன்பே சொன்னோம்; நோலசி அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை.

இந்தக் கொசுக்கள் பெரும்பாலும் அந்தி சாய்ந்த பிறகு, வீட்டுக்கு வெளியே, மரநிழலில் கடிப்பவை. கொசுவலைக்குள் படுப்பது நல்லதுதான். ஆனால் அந்தியில் காட்டோரத்தில் செம்பனைக் குலை வெட்டி நிற்பவரை வலை காக்காது. முழுக்கைச் சட்டையும், தோலில் பூசும் கொசு விரட்டித் தைலமும் அந்த நேரத்துக்கு உதவும்.

கிளினிக்குக்குப் போகும்போது ஒரு செய்தியை நாமாகவே சொல்ல வேண்டும். கடந்த சில வாரங்களில் காட்டுப் பக்கம் போனோம், குரங்கு நடமாடும் இடத்தில் வேலை செய்தோம், மீன் பிடிக்கவோ மூங்கில் குருத்து எடுக்கவோ உள்ளே நுழைந்தோம் என்றால் அதைச் சொல்லிவிட வேண்டும். டெங்கிக் காய்ச்சல் மலிந்த நாடு இது. காட்டுக்குப் போனது தெரியாவிட்டால் முதலில் டெங்கி என்றே நினைப்பார்கள். விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் பூசிப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். பட்டையில் இரத்தம் விட்டு உடனே பார்க்கும் சோதனை நோலசியைத் தவறவிடுவது உண்டு. ஆகவே பட்டையில் இல்லை என்று வந்தும் காய்ச்சல் விடாவிட்டால், மறுநாளும் இரத்தப் பூச்சு எடுக்க வேண்டும். கிருமி இருப்பது தெரிந்துவிட்டால் மருந்து இருக்கிறது; நேரத்தோடு கொடுத்தால் நன்றாகக் கேட்கிறது. அந்த மருந்து கொயினாவைப் போல் கசப்பதுமில்லை.